புள்ளியியல் இயற்பியலில் இருந்து செல் சிமுலேஷன் மென்பொருள் வேலைக்கு: எதில் தொடங்குவது?

ஐசிங்_மணி (கேள்வி)

புள்ளியியல் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு முடியப்போகிறது. மான்டி கார்லோ கோட் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுத வரும், பைத்தானும் வரும். உயிரியல் பள்ளியோடு சரி. உயிர்ச் செல்களை சிமுலேட் செய்யும் மென்பொருள் உருவாக்கத்தையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். சொந்தமாக ஒரு இன்ஜின் எழுதிக் காட்டுவது நல்லதா, இருக்கிற திட்டம் ஒன்றில் சேர்வது நல்லதா? இயற்பியல் ஆட்கள் இந்தத் துறையில் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்? "உயிரியலை மதிக்கக் கற்றுக்கொள்" மாதிரி பொதுவான அறிவுரை நிறையக் கேட்டாயிற்று. எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

செறிவுமானி

சொந்த இன்ஜின் வேண்டாம். கற்றுக்கொள்வதற்காக 200 வரியில் ஒன்று எழுதிப் பாருங்கள், எழுதியே ஆக வேண்டும். ஆனால் அதற்கு ஒரு பெயர் சூட்டி, லோகோ போட்டு வெளியிடாதீர்கள். இந்தத் துறையில் கைவிடப்பட்ட சிமுலேட்டர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அதற்கும் முன்னால் எந்த அளவுகோலில் இறங்குவது என்று முடிவு செய்யுங்கள். "செல் சிமுலேஷன்" என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்ளாத பல உலகங்கள் உண்டு. வினைப் பின்னல்களைச் சமன்பாடாகத் தீர்ப்பவை: கோபாசி, விசெல். மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக இடத்தில் நகர்த்துபவை: ஸ்மோல்டின், எம்செல். நரம்புச் செல்லின் மின் சமிக்ஞைக்கு நியூரான்; மின் சமிக்ஞையும் வேதி வினையும் சேர்ந்து வேண்டுமென்றால் பெங்களூரு என்சிபிஎஸ் ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த மூஸ். செல்லையே ஓர் அலகாக வைத்துத் திசுவைக் கட்டுபவை: கம்ப்யூசெல்3டி, ஃபிசிசெல், சேஸ்ட். கடைசியாக முழுச் செல் மாதிரிகள். ஸ்டான்ஃபோர்டில் இருந்து 2012-இல் மைக்கோப்ளாஸ்மா ஜெனிடாலியத்துக்கு வந்தது 525 ஜீன்களையும் 28 துணை மாதிரிகளாகப் பிரித்து மாட்லேபில் எழுதப்பட்டது. 2022-இல் இல்லினாய்ஸ் குழு 493 ஜீன்கள் மட்டுமே கொண்ட செயற்கைச் செல்லான சின்3ஏ-வை ஜிபியு மேல் ஓடும் லேட்டிஸ் மைக்ரோப்ஸ் கொண்டு முப்பரிமாணத்தில் ஓட்டியது.

உங்கள் பின்னணிக்கு இரண்டு கதவுகள் ஏற்கெனவே திறந்து கிடக்கின்றன. பாட்ஸ் மாதிரி (ஐசிங் மாதிரியில் இரண்டு நிலைக்குப் பதில் பல நிலை; ஒரே நிலை எண் கொண்ட லேட்டிஸ் புள்ளிகளின் கூட்டம் ஒரு செல்) உங்களுக்குத் தெரியும். கிரானரும் கிளேசியரும் 1992-இல் செல்கள் தாமாகத் தரம் பிரிவதைக் காட்ட எடுத்தது அதைத்தான். இன்றைய கம்ப்யூசெல்3டி அந்த வழியில் வந்தது. இன்னொரு கதவு கில்லெஸ்பி. மனிதர் இயற்பியலாளர், 1975-இல் மேகத்துளிகள் மோதி ஒன்று சேர்வதற்கு ஒரு துல்லியமான சமவாய்ப்பு முறை எழுதினார், 1976-77-இல் அதே சிந்தனையை வேதி வினைகளுக்குக் கொண்டுவந்தார்: அடுத்த வினை எப்போது, அது எந்த வினை என்று ரேண்டம் எண்ணால் தேர்வது. ஜீன் வெளிப்பாட்டில் உள்ள இரைச்சலுக்கு அதை மெக்ஆடம்ஸும் ஆர்கினும் பயன்படுத்தியது 1997-இல்தான். இடையில் இருபது வருடம். முறை தயாராக இருந்தது, அதைக் கேட்கும் கேள்வி வரவில்லை. தொழில் என்று பார்க்கிறவர் இதைக் கவனிக்க வேண்டும்: உங்களை வேலைக்கு எடுப்பவர் தீர்ப்பானை (சால்வரை) பார்த்து எடுப்பதில்லை, அது எந்த உயிரியல் கேள்விக்கு விடை தருகிறது என்று பார்த்துத்தான் எடுப்பார்.

முதல் சில மாதத்துக்கு ஒரு வழி. வெளியான மாதிரிகளைச் சேமித்து வைக்கும் பயோமாடல்ஸ் தளத்தில் இருந்து சிறிய மாதிரி ஒன்றை எடுங்கள், பத்துப் பதினைந்து வினைக்கு மேல் வேண்டாம். கோபாசியில் ஓட்டி, மூலக் கட்டுரையின் ஒரு படத்தை அப்படியே வரவழையுங்கள். பல சமயம் வராது. ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான பயிற்சி. பிறகு அதே மாதிரியை உங்கள் 200 வரி கில்லெஸ்பி கோடில் ஓட்டுங்கள். மூலக்கூறு எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் பெரும்பாலும் அலகுப் பிழை.

பாய்சான்பிரியன்

அலகுப் பிழை என்று செறிவுமானி ஒற்றை வரியில் தாண்டிவிட்டார். நிறைய நேரம் போவது அங்கேதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு ஈ.கோலை செல்லின் கன அளவு சுமார் 1 ஃபெம்டோ லிட்டர், அதாவது 1 கன மைக்ரோமீட்டர். அதில் 1 நானோமோலார் செறிவு என்றால் 0.6 மூலக்கூறு. 1 மைக்ரோமோலார் என்றால் 602. இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். யாராவது "செறிவு 0.3 நானோமோலார்" என்று வைத்து பாக்டீரியாவுக்கு வகைக்கெழுச் சமன்பாடு தீர்த்தால், சராசரியாக 0.2 மூலக்கூறுக்குத் தொடர்ச்சியான வளைகோடு வரைகிறார் என்று பொருள்.

இரு மூலக்கூறு வினையின் வேக மாறிலியை சமவாய்ப்பு மாறிலியாக மாற்ற, அவகாட்ரோ எண்ணையும் கன அளவையும் பெருக்கி வகுக்க வேண்டும். ஒரு மோலாருக்கு ஒரு நொடிக்கு 10 லட்சம் என்ற மாறிலி, 1 ஃபெம்டோ லிட்டரில் ஒவ்வொரு மூலக்கூறு ஜோடிக்கும் நொடிக்கு 0.00166 ஆகிறது. ஒரே வகை மூலக்கூறு இரண்டு சேரும் வினையில் இன்னொரு 2 புகுந்துகொள்ளும். ஜோடிகளின் எண்ணிக்கை n × (n−1) / 2 என்பது இயற்பியலாளர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டுரை எழுதியவர் தன் வேக மாறிலிக்குள் அந்த 2-ஐ ஏற்கெனவே விழுங்கிவிட்டாரா இல்லையா என்பது கட்டுரையில் பெரும்பாலும் இருக்காது. வினை வேகம் தனியாக, வினைவிகித எண் தனியாக எழுத வேண்டும் என்று, மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் எஸ்பிஎம்எல் கோப்பு வடிவம் கேட்பதன் அருமை அப்போதுதான் புரியும்.

எஸ்பிஎம்எல்-இல் இன்னொரு கண்ணிவெடி: வினை வேகம் என்பது அங்கே நேரத்துக்கு எத்தனை பொருள் அளவு மாறுகிறது என்பது, எத்தனை செறிவு மாறுகிறது என்பதல்ல. ஒரே அறை உள்ள மாதிரியில் கன அளவு 1 என்று வைத்திருந்தால் பிழை தெரியவே தெரியாது. உட்கரு, சைட்டோப்ளாசம் என்று இரண்டு அறை வந்தவுடன் பொருள் அழிவின்மை உடையும். சவ்வு வந்தால் இன்னும் மோசம்: ஒரு பக்கம் சதுர மைக்ரோமீட்டருக்கு இத்தனை மூலக்கூறு, மறுபக்கம் மோலார். சவ்வைக் கடக்கும் எந்த வினையை எழுதினாலும் மொத்த மூலக்கூறு எண்ணிக்கை மாறாமல் இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதிவிடுங்கள்.

தீர்ப்பானில் மாட்டுவது சார்பற்ற பிழை வரம்பு (அப்சல்யூட் டாலரன்ஸ்). சிவிஓடிஇ போன்ற வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்ப்பான்களை அழைக்கும்போது யாரோ எங்கோ வைத்த 10 லட்சத்தில் ஒரு பங்கு என்ற இயல்பு மதிப்பு அப்படியே இருக்கும். உங்கள் மாறிகள் மோலாரில் இருந்து, மதிப்பு நானோமோலார் அளவில் இருந்தால், முழு மாறியும் பிழை வரம்புக்குக் கீழே கிடக்கிறது. தீர்ப்பான் அதைப் பொருட்படுத்தாமல் பெரிய பெரிய நேர எட்டு (ஸ்டெப்) வைத்து, அழகான வழவழப்பான தவறான விடையைத் தரும். எந்த எச்சரிக்கையும் வராது. மாறிகளை நானோமோலாருக்கோ மூலக்கூறு எண்ணிக்கைக்கோ மாற்றுங்கள், அல்லது ஒவ்வொரு மாறிக்கும் தனி வரம்பு கொடுங்கள். இதோடு ஒட்டி வருவது: செறிவு லேசாக எதிர்மறையாகி, செறிவை ஓர் அடுக்குக்கு உயர்த்தும் ஹில் சார்பில் 2.4 மாதிரி பின்ன அடுக்கு இருந்தால் விடை எண்ணாகவே இருக்காது. அதைச் சுழியத்தில் வெட்டி மறைக்காதீர்கள். வரம்பை இறுக்கிப் பாருங்கள், எதிர்மறை மறையாவிட்டால் மாதிரியிலேயே ஏதோ ஒரு வினை இல்லாத பொருளைத் தின்கிறது.

கில்லெஸ்பி கோடுக்கு டெஸ்ட்: பிறப்பு நொடிக்கு 10, இறப்பு ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நொடிக்கு 0.1, தொடக்கம் சுழியம். எந்த நேரத்திலும் பரவல் துல்லியமாகப் பாய்சான். 10-ஆவது நொடியில் சராசரி 63.2, பரவற்படியும் (வேரியன்ஸ்) 63.2. 10,000 ஓட்டம் ஓட்டினால் சராசரி ±0.24-க்குள் விழ வேண்டும், பரவற்படி ±2.7-க்குள், இரண்டும் மூன்று திட்ட விலக்க எல்லை. சராசரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் அதிகம். ரேண்டம் எண்ணைக் காத்திருப்பு நேரத்துக்கும் வினைத் தேர்வுக்கும் ஒன்றையே பயன்படுத்தும் பிழைக்குப் பரவற்படியும் ஒரு சாட்சி. எஸ்பிஎம்எல் டெஸ்ட் தொகுப்பில் சமவாய்ப்பு மாதிரிகளுக்கென்றே இந்தப் பாணியில் ஒரு பகுதி இருக்கிறது, அதை முழுக்க ஓட்டுங்கள்.

சின்னதாக ஒன்று: ரேண்டம் எண் சரியாகச் சுழியமாக வந்தால் மடக்கை எடுக்கும் இடத்தில் முடிவிலி வரும். கோடி கோடி அழைப்பில் அது ஒருநாள் வரும், அதுவும் நீண்ட ஓட்டத்தின் கடைசியில்.

ஐசிங்_மணி

மிக்க நன்றி இருவருக்கும். அலகு விஷயத்தில் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. இடம் சார்ந்த சிமுலேஷனில், அதாவது விரவல் (டிஃப்யூஷன்) சேர்ந்தால், எட்டின் அளவை எப்படித் தேர்வு செய்வது? லேட்டிஸ் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் துல்லியம் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சவ்வோரம்

கூடாது, அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. வகைக்கெழுச் சமன்பாட்டில் பழகியவர்கள் எல்லோரும் விழும் குழி இது.

இடத்தைச் சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கில்லெஸ்பி, பக்கத்துக் கனசதுரத்துக்குத் தாவுவது விரவல் என்று வைக்கும் முறையில், முப்பரிமாணத்தில் கட்டத்தைச் சுருக்கச் சுருக்க இரு மூலக்கூறு வினைகள் நடக்காமலே போகத் தொடங்கும். இரண்டு மூலக்கூறும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் வாய்ப்பு சுருங்குவதுதான் காரணம். கீழ் எல்லையை மதிப்பிட, வேக மாறிலியை இரண்டு மூலக்கூறுகளின் விரவல் குணகக் கூட்டுத்தொகையால் வகுங்கள், ஒரு நீளம் கிடைக்கும். ஒரு மோலாருக்கு ஒரு நொடிக்கு 10 கோடி என்ற வேகமான மாறிலி, நொடிக்கு 0.166 கன மைக்ரோமீட்டர் ஆகிறது. கூட்டு விரவல் குணகம் நொடிக்கு 10 சதுர மைக்ரோமீட்டர் என்றால் அந்த நீளம் 17 நானோமீட்டர். பெட்டி அதைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். 100 நானோமீட்டர் பெட்டி சரி, 10 நானோமீட்டர் பெட்டி தவறான விடை தரும். மேல் எல்லை மறுபுறம்: ஒரு மூலக்கூறு வினைபுரியும் முன் விரவிச் செல்லும் தூரத்தைவிடப் பெட்டி சிறிதாக இருக்க வேண்டும். இரண்டு எல்லையும் ஒன்றை ஒன்று தாண்டிவிட்டால் அந்த மாதிரிக்கு இந்த முறையே பொருந்தாது, துகள் முறைக்குப் போங்கள்.

துகள் முறையில் ஒவ்வோர் அச்சிலும் சராசரி நகர்வு, விரவல் குணகம் × எட்டு × 2 என்பதன் வர்க்கமூலம். குணகம் 10, எட்டு 1 மைக்ரோ நொடி என்றால் 4.5 நானோமீட்டர். புரதத்தின் அளவே சில நானோமீட்டர்தான், ஆக அது ஏற்கெனவே பெரிய எட்டு. ஆனால் 10,000 மூலக்கூறை 1 நொடிக்கு ஓட்டவே 1,000 கோடி நகர்வு. அதனால்தான் ஸ்மோல்டின், நீங்கள் கொடுக்கும் வேக மாறிலிக்கும் எட்டுக்கும் ஏற்றபடி பிணைப்பு ஆரத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. எட்டை மாற்றினால் ஆரமும் மாறும். கையால் ஆரத்தைக் கொடுத்துவிட்டு எட்டை மட்டும் மாற்றினால் வினை வேகம் நழுவும்.

பிரியும் வினையில் இன்னொன்று. பிரிந்த இரண்டு மூலக்கூறையும் ஒட்டினாற்போல் வைத்தால் அடுத்த எட்டிலேயே மறுபடி பிணைந்துவிடும். பிரியும் வேகம் நீங்கள் கொடுத்ததைவிட மிகக் குறைவாகத் தெரியும். பிரிப்பு ஆரம் என்று தனி அளவு இருப்பது இதற்காகத்தான். அதைத் தொடாமல் விட்டுவிட்டு "சமநிலை மாறிலி வரவில்லை" என்று வரும் பக் அறிக்கைகள் ஓயாது.

விரவல் குணகம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பச்சை ஒளிர்புரதம் தண்ணீரில் நொடிக்கு 87 சதுர மைக்ரோமீட்டர், ஈ.கோலை சைட்டோப்ளாசத்தில் 7 அல்லது 8. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஓரிடத்தில் ஒளிர்வை அழித்து அது மீள்வதை அளக்கும் ஃப்ராப் சோதனையில் இருந்து வரும் எண், வழியில் ஒட்டி ஒட்டிப் பிரிவதையும் உள்ளடக்கிய எண்ணாக இருக்கலாம். அந்த எண்ணையும் போட்டு, பிணைப்பு வினையையும் தனியாக எழுதினால் ஒரே விளைவை இரண்டு முறை கணக்கில் எடுக்கிறீர்கள்.

திசு அளவில் எட்டுப் பிரச்சினை வேறு விதம். ஃபிசிசெல்லில் ஆக்சிஜன் விரவலுக்கு நிமிடத்துக்கு 1 லட்சம் சதுர மைக்ரோமீட்டர், கட்டம் 20 மைக்ரோமீட்டர். நேரடி முறையில் முப்பரிமாணத்தில் நிலைத்தன்மை எல்லை 400-ஐ 6 லட்சத்தால் வகுத்தது, ஒரு நிமிடத்தில் 0.00067, அதாவது 0.04 நொடி. செல் பிரிவதோ மணிக்கணக்கில். அதனால் அங்கே விரவலுக்கு மறைமுக முறை வைத்து 0.01 நிமிடம், செல்கள் தள்ளிக்கொள்வதற்கு 0.1 நிமிடம், செல்லின் நிலை மாற்றத்துக்கு 6 நிமிடம் என்று மூன்று எட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு வினையைச் சேர்ப்பவர் அதை எந்த எட்டில் போடுவது என்று தெரியாமல் 6 நிமிட எட்டில் போட்டுவிட்டு, வேகமான சமிக்ஞை ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவார்.

பாட்ஸ் பக்கம் போனால், உங்களுக்குத் தெரிந்த வெப்பநிலை அங்கே வெப்பநிலை இல்லை. செல் விளிம்பு எவ்வளவு துடிக்கிறது என்பதன் அளவு. அதிகம் வைத்தால் செல் துண்டு துண்டாகும், குறைத்தால் விளிம்பு லேட்டிஸ் திசையில் உறைந்து சதுரமாகும். முதல் அண்டை மட்டும் எடுத்தாலும் அதே சதுரம்தான். மூன்றாம் நான்காம் அண்டை வரை போங்கள். ஆனால் அண்டை வரிசையை மாற்றினால் அதே தொடர்பு ஆற்றலுக்குப் பரப்பு இழுவிசை மாறிவிடும், எண்களை மறுபடி அளவிட வேண்டும். தொடர்பு ஆற்றல் நேர்மறையாக இருக்கும்போது செல்லின் உண்மையான கன அளவு இலக்கைவிட எப்போதும் கொஞ்சம் குறைவு. "இலக்கு இரட்டிப்பானதும் பிரி" என்று எழுதாமல் உண்மையான கன அளவைப் பார்த்துப் பிரியுங்கள். மான்டி கார்லோ எட்டு ஒன்றுக்கு எத்தனை நிமிடம் என்பதை, அளந்த செல் நகர்வு வேகத்தோடு பொருத்தித்தான் சொல்ல முடியும். பொருத்தாமல் வரைபடத்தில் "மணி" என்று அச்சுக்குப் பெயர் வைத்தால் மதிப்புரையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

கிளைமரம்

தொழில் பக்கம் யாரும் தொடவில்லை. செறிவுமானியோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன்: உயிரியல் கேள்விதான் வேலை வாங்கித் தரும் என்பது ஆய்வுப் பணிக்குச் சரி. மென்பொருள் பணிக்கு, பிறர் எழுதிய கோடை உடைக்காமல் மாற்றத் தெரியும் என்பதற்கான சான்றுதான் முதலில் பார்க்கப்படும். பிரிட்டனில் 2012-இல் "ஆய்வு மென்பொருள் பொறியாளர்" என்ற பெயர் பிறந்த பிறகு பல பல்கலைக்கழகங்களில் அந்தப் பணிக்கென்றே குழுக்கள் உண்டாகிவிட்டன. பேராசிரியராகாமல் இந்தத் துறையில் நீடிக்க விரும்பினால் அதுதான் நேர்வழி. மருந்து நிறுவனங்களில் வினைப் பின்னல் மாதிரிகளுக்கு வேலை உண்டு, ஆனால் அங்கே மென்பொருளை உருவாக்குவதைவிட மாதிரியைக் கட்டுவதுதான் வேலை.

மானியம் புது அம்சத்துக்குத்தான் எளிதில் கிடைக்கும், பராமரிப்புக்கு லேசில் கிடைக்காது. அதனால் ஒரு திட்டத்தில் சேரும் முன் மூன்று இடம் பாருங்கள்: கடைசி வெளியீடு எப்போது, பக் அறிக்கைகளுக்குப் பதில் சொல்வது எத்தனை பேர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட் தானாக ஓடுகிறதா. பதில் சொல்வது ஒரே ஆள் என்றால், அவருடைய ஒப்பந்தம் முடியும் நாளில் திட்டமும் முடியும்.

நுழைவது எப்படி என்றால், அம்சம் சேர்க்கப் போகாதீர்கள். பாய்சான்பிரியன் சொன்ன பிறப்பு-இறப்பு டெஸ்டோ, சவ்வோரம் சொன்ன சமநிலை மாறிலி டெஸ்டோ அந்தத் திட்டத்தில் இல்லையென்றால் அதை எழுதி அனுப்புங்கள். எவரும் மறுக்கமாட்டார்கள், உங்களுக்கும் இன்ஜினின் உட்புறம் தெரிந்துவிடும். கணிசமாக வேலை சேர்ந்த பிறகு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கான ஜாஸ் இதழில் ஒரு கட்டுரை போடலாம். 2016 முதல் வருகிறது, மதிப்புரை திறந்த வெளியில் நடக்கும், நிறுவல் கையேடு, டெஸ்ட், எடுத்துக்காட்டு எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். மேற்கோள் காட்ட ஒன்று இருந்தால்தான் மென்பொருள் வேலை பயோடேட்டாவில் கண்ணுக்குத் தெரியும்.

உரிமத்தை முதல் நாளே பாருங்கள். ஜிபிஎல் உள்ள நூலகத்தை உள்ளே இணைத்துவிட்டுப் பிறகு பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட ஆசைப்பட்டால், இணைத்ததைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

ஐசிங்_மணி

கடைசியாக ஒன்று. பல த்ரெட்டில் ஓட்டினால் ஒரே சீட் கொடுத்தும் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது. இது ஏற்கத்தக்கதா?

பாய்சான்பிரியன்

பரவல் சரியாக இருந்தால் அறிவியலுக்குப் பழுதில்லை, பக் தேடுவதற்கு நரகம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ரேண்டம் ஊற்று. எந்தச் செல் எந்த த்ரெட்டுக்குப் போகிறது என்பது மாறினால் எண்களும் மாறும். ஃபிலாக்ஸ் மாதிரி எண்ணி (கவுன்ட்டர்) அடிப்படையிலான ஊற்றுக்கு மாறி, செல்லின் அடையாள எண்ணையும் எட்டின் எண்ணையும் சாவியாகக் கொடுங்கள். அப்போது எந்த த்ரெட்டில் ஓடினாலும் அந்தச் செல்லுக்கு அதே எண்கள். இரண்டாவது, பின்ன எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். குழப்பமான இயக்கத்தில் அதுவே போதும். கூட்டலை நிலையான வரிசையில் செய்யுங்கள். மூன்றாவது, செல் சுட்டிகளை ஒரு செட்டில் போட்டு அதன் வரிசையில் சுற்றி வருவது. நினைவக முகவரி ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு, வரிசையும் வேறு. இது ஒற்றை த்ரெட்டிலும் நடக்கும், ஆகவே முதலில் த்ரெட்டை 1 ஆக்கி இரண்டு முறை ஓட்டுங்கள். அதிலும் விடை மாறினால் மூன்றாவதில் இருந்து தேடத் தொடங்குங்கள்.